வாய்ப்புண் எல்லாம் சூட்டுப் புண்தானா?

2.4.2024, தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டது

மாதம் தவறாமல் வாய்ப்புண் வருகிறது. ஒரு முறை கன்னத்துக்குள், ஒரு முறை நாக்கின் ஓரத்தில், கோடை வந்தால் உதட்டுக்கு வெளியே. எல்லாம் உடல் சூடுதான், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் மணத்தக்காளிக் கீரையும் போதும் என்கிறார் அப்பத்தா. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. புண் என்றால் புண்தானே, இதில் வகை பிரிக்க என்ன இருக்கிறது?

2.4.2024, இரவு

நிறைய இருக்கிறது. புதுவயலில் மருந்துக் கடை நடத்துகிறேன். ‘வாய்ப்புண்ணுக்கு ஒரு மாத்திரை’ என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ‘எந்த இடத்தில்?’ என்றுதான். அடுத்தது ‘எத்தனை நாளாக?’. பலருக்குக் கோபம் வருகிறது. மாத்திரை கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே, இவள் என்ன வாயைத் திறக்கச் சொல்கிறாள் என்று.

உங்கள் கன்னத்துக்குள் வருவதும் நாக்கின் ஓரத்தில் வருவதும் ஒன்று. உதட்டுக்கு வெளியே வருவது முற்றிலும் வேறு.

உள்ளே வருவதை ஆப்தஸ் புண் என்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் வட்டமாகவோ முட்டை வடிவிலோ தெரியும். நடுவில் மஞ்சள் படர்ந்த வெள்ளை, சுற்றிலும் மெல்லிய சிவப்பு விளிம்பு. கன்னத்தின் உட்பக்கம், உதட்டின் உட்பக்கம், நாக்கின் அடி, நாக்கின் ஓரம், உள்நாக்கை ஒட்டிய மெத்தென்ற அண்ணம், இப்படி விரலால் தள்ளினால் அசைகிற இடங்களில்தான் பெரும்பாலும் வரும். எலும்போடு இறுகியிருக்கும் மேலண்ணத்திலும் பல்லை ஒட்டிய ஈறிலும் அரிது. ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்குகிற சின்னப் புண்தான் பெரும்பாலோருக்கு. 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்ததால் வந்தது என்று மருமகளைக் குறை சொல்ல வேண்டாம்.

3.4.2024

உதட்டுப் புண்ணுக்கு வருகிறேன். இது கொப்புளமாகத் தொடங்கும். அதற்கு முன்பே, சில மணி நேரமோ ஒரு நாளோ, உதட்டின் ஓரத்தில் ஊறல், குறுகுறுப்பு, லேசான எரிச்சல். பிறகு கடுகு போல நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பும், உடையும், நீர் கசியும், மஞ்சளாகப் பொருக்குக் கட்டும். ஏறக்குறைய பத்து நாளில் பொருக்கு விழுந்துவிடும். காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே உடலுக்குள் வந்துவிடுகிறது. முகத்து நரம்பின் முடிச்சு ஒன்றில் போய் அடங்கிக் கிடக்கும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, தூக்கக் கேடு என்று ஏதாவது சாக்குக் கிடைத்தால் வழக்கமான அதே இடத்துக்குத் திரும்பி வரும். உங்களுக்குக் கோடையில் மட்டும் வருவது அதனால்தான். அப்பத்தா சொல்லும் சூட்டில் அந்த அளவுக்கு உண்மை உண்டு, ஆனால் அது தலைக்கு மேலே இருக்கிற வெயில். வயிற்றுச் சூடு அல்ல.

இது தொற்றும். கொப்புளம் இருக்கும் நாள்களில் பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது. பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் உயிராபத்து. தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

வகை பிரித்தே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் மருந்து. உள்ளே வரும் ஆப்தஸ் புண்ணுக்கு டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு பசையை எழுதித் தருவார்கள். அதே பசையை வீட்டில் யாராவது உதட்டுக் கொப்புளத்தில் தடவினால் வைரசுக்குக் கொண்டாட்டம். புண் பரவும், ஆறத் தாமதமாகும். உதட்டுக்கு அசைக்ளோவிர் களிம்பு. அதையும் குறுகுறுப்புத் தொடங்கியவுடன், நாளுக்கு ஐந்து முறை தடவினால்தான் ஓரளவு பயன். பொருக்குக் கட்டிய பிறகு வாங்குவது காசுக்குக் கேடு, விற்கிறவளே சொல்கிறேன்.

3.4.2024, மாலை

கண்டனூர் ஆச்சி ஒருவர், உதட்டுக் கொப்புளம் பல்லி எச்சம் பட்டு வருவது என்று எழுதியிருக்கிறார். ஆச்சி, செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுவரை உத்தரத்துக்கு உத்தரம் பல்லிதான். அவ்வளவும் குறி பார்த்து ஒரே ஆளின் அதே உதட்டோரத்திலா எச்சமிடும்?

4.4.2024

முதல் குறிப்பில் சொன்ன இடக்கணக்குக்கு ஒரு விலக்கு. ஹெர்பிஸ் சில நேரம் வாய்க்குள்ளும் வரும். அப்போது அது பிடிக்கும் இடம் மேலண்ணத்தின் கெட்டியான பகுதியும் ஈறும், அதாவது ஆப்தஸ் புண் ஒதுக்கிவிட்டுப் போகிற இடங்கள். ஆகக் கணக்கு தலைகீழாகப் பொருந்துகிறது. ஊசி முனை அளவுப் புள்ளிகள் கொத்தாக மேலண்ணத்தில் தெரிந்தால் பசையைத் தொடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் கொத்தாக வந்தாலே ஹெர்பிஸ் என்றும் முடிவு கட்ட முடியாது: ஆப்தசிலேயே ஒரு வகை, ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்ப் புண்களாக, நாக்கின் அடியிலும் கன்னத்திலும் பத்து நூறென்று வந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதற்கும் வைரசுக்கும் தொடர்பில்லை.

இன்னொரு வகை, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிக் குழியாக விழும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கிடக்கும். ஆறும்போது தழும்பு விடும். அது மருந்துக் கடை வேலை இல்லை.

6.4.2024

பி காம்ப்ளெக்ஸ். ஒரு நாளில் எத்தனை அட்டை போகிறது என்று கேட்காதீர்கள், என் கடை வாடகையே அதில்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைபாடு இருப்பவருக்குப் பயன் தரும். எது குறைகிறது என்று பார்க்காமல் ஆயுள் முழுக்க விழுங்குவதில்தான் எனக்கு வருத்தம்.

அடிக்கடி ஆப்தஸ் வருகிறவருக்கு மருத்துவர்கள் தேடுவது மூன்று: இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12. பி12 கீரையில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான் வரும். சைவக்காரர்களில், அதிலும் பாலைக் குறைத்துக்கொண்ட முதியவர்களிடம், இது பெரும் பள்ளம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையும். 2009-இல் இஸ்ரேலில் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12-ஐ நாக்குக்கடியில் வைத்துக் கரைத்தவர்களுக்கு, ஐந்தாறு மாதத்துக்குப் பின் புண் வருவது நன்றாகக் குறைந்தது. ரத்தத்தில் குறைபாடு இல்லாதவர்களுக்கும் அப்படியே. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் பல நிற மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்குவதைவிட ஒரு ரத்தப் பரிசோதனை மேல்.

எனக்கே பள்ளி நாளிலிருந்து இந்தப் புண் உண்டு. பரீட்சை என்றால் கன்னத்துக்குள் ஒன்று தயாராக நிற்கும். கல்லூரியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நீராகாரம் குடித்தேன், படிகாரம் கரைத்துக் கொப்பளித்தேன். பிறகு சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் இல்லாத பற்பசைக்கு மாறினேன், புண் குறைந்தது. வெகு நாள் பற்பசைக்கே பெருமையைக் கொடுத்தேன். இப்போது யோசித்தால், வயது ஏற ஏற இது தானாகவே தளரும். பதின்பருவத்தில் தொடங்கி நாற்பதை நெருங்கும்போது குறைவது இதன் இயல்பு. நுரைப்பொருள் சிலரைத் தொந்தரவு செய்வது உண்மைதான், என்னைச் செய்ததா என்று இனிமேல் யார் சொல்வது? விலை அதிகமில்லை, பரீட்சித்துப் பாருங்கள்.

நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால் அந்தக் கதை வேறு. காரணம் தேட வேண்டும்.

6.4.2024, சற்று நேரம் கழித்து

பீடியை விட்ட பிறகு புண் வருகிறதே என்று கேட்டவருக்கு: உண்மை, வரும். புகைப்பவர்களுக்கு ஆப்தஸ் குறைவு; விட்ட சில வாரங்களில் தலைகாட்டும்; அடங்கிவிடும். இதைச் சாக்காக வைத்து மறுபடி பற்றவைக்காதீர்கள்.

9.4.2024

‘செட்டிநாட்டுக் காரம்தான் காரணம்’ என்று வெளியூர்க்காரர் ஒருவர். அவரை மன்னிப்போம். வறமிளகாய் இருக்கிற புண்ணை எரிய வைக்கும். புண்ணை உண்டாக்கும் என்பதற்கு வலுவில்லை. எங்கள் வீட்டில் நண்டு மிளகு மசாலாவில் மூழ்கி எழுந்தவர்களுக்கு ஒன்றும் வந்ததில்லை, தயிர்சாதமே கதி என்று இருந்த எனக்குத்தான் வந்தது.

குற்றவாளி பலகாரத் தூக்கில் இருக்கிறது என்பேன். கல்யாண வீட்டிலிருந்து வரும் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை. நன்றாக வெந்த மனகோலத்தின் ஒடிந்த முனை ஈறிலோ கன்னத்திலோ கீறினால் மறுநாள் அங்கே ஒரு வெள்ளைப் புண். உடைந்த பல்லின் கூர் முனை, பல்செட்டின் விளிம்பு, தப்பி இடித்த பிரஷ், சூட்டோடு வாய்க்குள் போட்ட குழிப்பணியாரம், எல்லாம் இந்தக் கணக்கு. இது வட்டமாக இருக்க வேண்டியதில்லை. இடித்த பொருளின் வடிவில் நீளமாகவோ கோணலாகவோ இருக்கும். அடையாளம்: எப்போதும் ஒரே இடம், அதற்கு நேர் எதிரே ஏதோ ஒரு கூர். கூரை ராவிவிட்டால் புண் ஆற வேண்டும். ஆறவில்லையென்றால் அது வெறும் காயம் இல்லை.

ஆப்தஸ் வருகிறவர்களுக்குச் சின்னக் கீறலே தூண்டுகோலாகிவிடும் என்பதால் இரண்டும் கலந்துகொள்வதும் உண்டு. அங்கே கண்ணால் பிரிப்பது எனக்கும் முடியாது.

10.4.2024

வாய்க்கடையில், இரண்டு பக்கமும் வெந்து வெடித்து, கொட்டாவி விட்டால் கிழிகிறதே, அது மேலே சொன்ன எதுவும் அல்ல. எச்சில் தேங்கி ஊறிய இடத்தில் கேண்டிடா என்ற பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறுவது. பல் கட்டியவர்களுக்குச் செட் தேய்ந்து வாய் அதிகமாக மூடிக்கொண்டால் வரும். உதட்டை நக்கும் பிள்ளைகளுக்கு வரும். இரும்பும் பி2-வும் குறைந்தால் வரும். பி காம்ப்ளெக்ஸின் புகழ் பாதி இதனால்தான். பூஞ்சைக் களிம்பு, செட்டை ராத்திரி கழற்றி வைப்பது, அடிக்கடி வந்தால் சர்க்கரைப் பரிசோதனை. அவ்வளவுதான்.

12.4.2024

கைக்குழந்தை நாக்கில் வெள்ளை என்று கேட்ட பள்ளத்தூர்த் தங்கைக்கு:

சுத்தமான துணியை விரலில் சுற்றி மெல்லத் துடைத்துப் பார். பாலாடை என்றால் வந்துவிடும். தயிர் ஒட்டினாற்போல் பிடித்திருந்து, துடைத்தால் அடியில் சிவந்து தெரிந்தால் அது பூஞ்சை. குழந்தைக்கும் உன் மார்க்காம்புக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஊதா நிற ஜென்ஷியன் வயலட் தடவுவார்கள், குழந்தை நாவல்பழம் தின்றது போன்ற வாயோடு திரியும்.

உன் மாமியார் சொன்ன வெங்காரமும் (போராக்ஸ்) தேனும் வேண்டவே வேண்டாம். வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனால் போட்டுலிசம் என்ற கொடிய முடக்கம் வரக்கூடும். மாசிக்காய் உரைத்துத் தடவுவது எங்கள் ஆயா கைவைத்தியம். துவர்ப்பு புண்ணை இறுக்கும், பெரியவர்கள் தடவிக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு நான் சொல்ல மாட்டேன். கடையில் விற்கும் வலிநீக்கும் ஜெல்லில் கோலின் சாலிசிலேட் இருந்தால் பிள்ளைகளுக்குத் தராதே. பிரிட்டனில் 2009 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது கூடாது என்றிருக்கிறார்கள்.

சற்றுப் பெரிய பிள்ளைக்கு வாயில் புண்ணோடு உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் தெரிந்தால் அது காக்சாக்கி போன்ற வைரஸ்களால் வரும் கை-கால்-வாய் நோய். பள்ளிக்கு அனுப்பாதே. 2022-இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று செய்தியில் அடிபட்டதையும் பின்னர் இந்த நோயின் ஒரு வடிவமாகத்தான் பார்த்தார்கள்.

14.4.2024

சித்திரை ஒன்று. கடை அரை நாள்தான். வேப்பம்பூ ரசம் புண்ணில் பட்டால் ஆறுமா என்று யாரோ கேட்டிருக்கிறார். ரசத்தை ஆறவைத்துக் குடியுங்கள், போதும்.

18.4.2024

இதை எழுதத் தள்ளிக்கொண்டே வந்தேன். இதுவரை சொன்னவை எல்லாம் வலிக்கிற புண்கள். வலிக்கிறதற்கு ஓடி வருகிறார்கள், வலிக்காததை வருடக்கணக்கில் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

இந்த ஊரில் வெற்றிலை இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளை வெற்றிலைப் பெட்டிகளையும் பாக்குவெட்டிகளையும் வெளிநாட்டார் வாங்கிப் போகிறார்கள்; பழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. கல்யாணத்தில் ஒருநாள் போடுவதை நான் சொல்லவில்லை. பாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குகிறவர்களைச் சொல்கிறேன். புகையிலை சேர்க்கவில்லை, வெறும் சீவல்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும் தனிப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று 2004-இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்திவிட்டது. குட்காவைத் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது. சீவலுக்குத் தடை ஏது?

பாக்கினால் பெரும்பாலும் முதலில் தெரிவது புண் அல்ல. காரம் பட்டால் வாய் முழுவதும் எரியும், முன்பு சாப்பிட்ட அதே குழம்பு திடீரென்று தாங்காது. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, விரலால் தொட்டால் நார் நாராகத் தட்டுப்படும். வாய் திறப்பது குறையும். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து மேலும் கீழுமாக முன்பற்களுக்கிடையே நிறுத்திப் பாருங்கள்; நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் இன்றைக்கே பாக்கை நிறுத்துங்கள். இதைச் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு கூடி வாய் வெந்துபோவது வேறு, அது சில நாளில் ஆறிவிடும்.

இன்னொன்று வெள்ளைத் திட்டு. துடைத்தால் வராது, வலிக்காது. வெள்ளையோடு சிவப்பும் கலந்திருந்தால் கூடுதல் கவனம். இரண்டு கன்னத்திலும் வெள்ளைக் கோடுகள் கோலம் போட்டது போலப் பின்னி, எரிச்சலும் இருந்தால் அது லைக்கன் பிளானஸ் என்ற தனி நோயாக இருக்கலாம். இவற்றை நான் பார்த்துச் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

மூன்று வாரம். எந்தப் புண்ணாக இருந்தாலும் மூன்று வாரத்தில் ஆறவில்லையென்றால், விளிம்பு தடித்துக் கெட்டியாக இருந்தால், தொட்டால் ரத்தம் கசிந்தால், பல் காரணமில்லாமல் ஆடினால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், மறுநாள் பஸ் ஏறுங்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் பார்ப்பார்கள். ‘துணுக்கு எடுத்தால் நோய் பரவிவிடும்’ என்று சொல்லித் தடுக்கும் உறவினரைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.

19.4.2024

புற்றுநோய் என்றதும் அடையாறு பேச்சு வந்துவிட்டது. 1954-இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் சித்தப்பா என்னோடு பேச மாட்டார்.

23.4.2024

வந்து வந்து போகும் புண்ணையும் போகாத புண்ணையும் குழப்புகிறார் ஒருவர். ‘எனக்கு ஆறு மாதமாகப் புண் இருக்கிறது, புற்றுநோயா?’ என்கிறார். இடம் மாறி மாறி வந்து, ஒவ்வொன்றும் பத்து நாளில் ஆறினால் அது ஆறு மாதப் புண் அல்ல. பத்து நாள் புண்கள் பல. ஒரே இடத்தில் ஒரே புண் ஆறாமல் கிடந்தால்தான் என் மூன்று வாரக் கணக்கு. தேதியோடு செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள், நினைவு ஏமாற்றும்.

வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவந்து மங்கல் என்று சேர்ந்து வந்தால் பெசெட் நோயா என்று பார்க்க வேண்டும். வாய்ப்புண்ணோடு அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்றால் குடலைப் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் இவை தாமதமாகப் பிடிபடுகின்றன.

25.4.2024

இன்று கடையில் நடந்தது. மூட்டு வாதத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு பெரியவர், வாய் முழுக்கப் புண்ணோடு மவுத்வாஷ் கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் ஐயா என்றேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்: மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டியது. தினமும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மவுத்வாஷ் கொடுக்கவில்லை, ஆட்டோ பிடித்து மகனோடு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இந்த மருந்து மிஞ்சினால் முதலில் வாயில் காட்டும், அடுத்து ரத்த அணுக்களில் கைவைக்கும்.

நெஞ்சுவலிக்குத் தரும் நிகோராண்டிலும் சிலருக்கு ஆறாத ஆழமான புண்ணைத் தரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சியவர்கள் வாய் கொப்பளிக்காவிட்டால் பூஞ்சை வரும். யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். எழுதித் தந்த மருத்துவரிடம் புண்ணைக் காட்டுங்கள். புதிதாக வந்த புண்ணா, உடனே கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி இதுதான்: அண்மையில் மாறிய மருந்து எது?

28.4.2024

தேவகோட்டைக்காரர் ரத்தப் பரிசோதனை முடிவைப் போட்டிருக்கிறார். பி12 நன்றாகக் குறைந்திருக்கிறது. ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். உதட்டுக் கொப்புளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். சொல்ல வேண்டாம் தம்பி. கீரையைச் சாப்பிடு, வெயிலில் உதட்டுக்குச் சூரியத்தடுப்புக் களிம்பு போடு.

29.4.2024

மவுத்வாஷ் பற்றி மூன்று பேர் கேட்டதற்கு ஒரே பதில். குளோர்ஹெக்சிடின் புண்ணில் கிருமி சேராமல் காக்கும். புண் வருவதைத் தடுத்து நிறுத்தாது. பல் துலக்கிய உடனே கொப்பளித்தால் பற்பசையின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும், அரை மணி நேரம் விடுங்கள். வாரக்கணக்கில் போட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். காபி, டீ குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். ஸ்டீராய்டு பசை எழுதித் தந்திருந்தால் சாப்பிட்டு முடித்து, புண்ணைத் துணியால் ஒற்றி, தூங்கப் போகும் முன் ஒரு துளி வைக்க வேண்டும். தேய்த்தால் மணல் மணலாக உதிர்ந்துவிடும்.

வெறும் உப்புத் தண்ணீர் போதாதா என்று கேட்டவருக்கு: சின்னப் புண்ணுக்குத் தாராளமாகப் போதும்.